மாணிக்கம் பக்கத்தில் காலியாக இருந்த இடம்

பேருந்து ஊருக்குள் போகவில்லை. வயல்களுக்கு நடுவே கொட்டகை போட்ட ஒரு வெட்டவெளியில் நிறுத்திவிட்டு நடத்துனர் கதவைத் தட்டினார். "அவ்ளோதாங்க, எல்லாம் எறங்குங்க. இன்னிக்குப் பௌர்ணமி, வண்டி உள்ள போகாது." என்னைத் தவிர அத்தனை பேருக்கும் இது தெரிந்திருந்தது. செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் சக்கரம் வைத்த பெட்டியோடும், காலில் பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தோடும் நின்றேன்.

எதிரே மலை. எங்கள் ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் இடுக்கெல்லாம் செடி முளைத்துப் பச்சையாக இருக்கும். இது மொட்டை வெயிலில் குடைகூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

நான் சாமி கும்பிட வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு யாரும் ஏமாற வேண்டாம். ஒரு மனிதரின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துப்போக வந்தேன். மலேசியாவில் எங்கள் சிறு நகரத்துக் காற்பந்துக் குழுவுக்கு ஒன்பது வருடம் பயிற்றுநராக இருந்த மாணிக்கத்தின் குரல் அது. நாங்கள் கோச் என்போம். பத்திரிகைக்காரர்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள், அவற்றை இங்கே எழுத முடியாது.

அவர் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. ஒரு பெரிய ஆட்டத்தில் ஜெயித்த பிறகு நிருபர் ஒருவர் பாராட்டப் போனார். "நாங்க நல்லா ஆடல தம்பி. அவங்க எங்களவிட மோசமா ஆடுனாங்க. அதையே எழுதுங்க" என்றார். நடுவரைப் பற்றிக் கேட்டபோது, "நல்ல மனுசன். கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்தது அவரு சம்சாரத்தோட தப்பு" என்றார். எங்கள் சின்னக் கோல்கீப்பர் பந்தைக் கைநழுவ விட்டு, திடல் முழுக்கக் கூச்சல் போட்டபோது, அவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பினார். "இவன் ஒருத்தன். நீங்க ரெண்டாயிரம் பேரு. பந்து போனப்ப உங்கள்ல ஒருத்தனாச்சும் கால நீட்டுனீங்களா? கத்தணும்னா என்னைப் பாத்துக் கத்துங்க. அதுக்குத்தான் நான் இங்க நிக்கிறேன்!" ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தோணி அண்ணனின் ஜவுளிக்கடையில், துணிப் பேல்களுக்கு நடுவே, நாங்கள் ஏழெட்டுக் கிழடுகள் கூடி இந்தக் கதைகளையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொள்வோம். அடுத்த வரி எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் சிரிப்பு வந்துவிடும். குழுவின் ஆண்டு விழா வருகிறது, ஒலிபெருக்கியில் கோச்சின் குரலைப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் திருவண்ணாமலையில் இருப்பதாக எங்கள் ஊர்ப் பக்தர் ஒருவர் தகவல் கொண்டுவந்திருந்தார். சென்னையில் சொந்தக்காரர்கள் உள்ள ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தும், "லெட்சுமி போகட்டும்" என்றார் அந்தோணி அண்ணன். மூட்டு வலி என்றேன். "நீதான் போகணும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

போகவும் பயம், போகாமலிருக்கவும் மனசு வரவில்லை. காரணம் இதுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு குழு வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தது. கோச் ஒரு பேட்டியில், "எங்க ரசிகர்கள் பந்து பாக்க வர்றதில்ல, கச்சான் தின்ன வர்றாங்க" என்று சொல்லிவிட்டார். கச்சான் என்றால் எங்கள் ஊரில் நிலக்கடலை. ஒரு ஆட்டம் விடாமல் போனவள் நான். மழையில் நனைந்து காய்ச்சல் வந்து படுத்தவள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் தீபாவளிக்கு வாங்கிய நீலச் சேலையைக் கிழித்து, வெள்ளைச் சாயத்தில், "மாணிக்கம், வாயை மூடு! வெளியே போ!" என்று எழுதி, விடியற்காலையில் பயிற்சித் திடல் வேலியில் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் அவர் ஊரை விட்டே போய்விட்டார். யார் எழுதியது என்று ஊரே பேசியது. கூடவே நானும் பேசினேன். அடுத்து வந்த பயிற்றுநர்கள் எல்லாரும் தங்கமானவர்கள், யாரையும் கடிந்து பேசாதவர்கள். ஒருவர் பெயரும் இப்போது நினைவில்லை.

இந்த மூட்டையோடுதான் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். சாலை முழுக்க ஜனம். எல்லாரும் வெறுங்காலோடு மலையைச் சுற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். என் சப்பாத்தை ஒரு அம்மாள் பார்த்த பார்வையில் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். தார் சுட்டது. அப்போது கூட்டத்தில், முதுகில் பத்தாம் எண் போட்ட சட்டை ஒன்று தெரிந்தது. ஊர் விட்டு ஊர் வந்தால் சொந்த ஜாதியைத் தேடுவார்கள் என்பார்களே, எனக்கு அந்தச் சட்டைதான் ஜாதி.

"தம்பி, பந்து ஆடுவீங்களா?"

முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஆடுனதும்மா. இப்ப கீழ்பென்னாத்தூர் டீமுக்கு கோச்சு. மத்த நேரம் ஆட்டோ. எம்பேரு ஏழுமலை. இன்னிக்கி ஆட்டோவ உட மாட்டாங்க, அதான் நடந்துக்கினு கீறேன். நீங்க எங்க போணும்?"

மாணிக்கம் என்று சொன்னேன், தெரியவில்லை. மலேசியாக்காரர், உயரமானவர், வெள்ளைத் தொப்பி போடுவார் என்றேன்.

"அட, மலேசியா சாமியா! நம்மாளும்மா அவரு. ஒரு மேட்ச்சு உட மாட்டாரு, வந்து ஒக்காந்து பாத்துக்கினே இருப்பாரு." என் பெட்டியை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"இப்பவும் அப்படியேதான் சத்தம் போடுறாரா?"

ஏழுமலை நின்றுவிட்டார். "சத்தமா? அவரு வாயத் தொறந்து ஒம்போது வருசம் ஆவுதும்மா. மௌனம். எழுதிக் காட்றதுகூட கெடையாது."

கையிலிருந்த சப்பாத்து ஒன்று கீழே விழுந்தது. பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்தார். வாயை மூடு என்று எழுதிக் கட்டியது நான். மனுசன் மூடிவிட்டார்.

மறுநாள் காலை எழுந்ததும் கால் இரண்டும் கொப்புளம். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்தேன். எதிரே வெளிநாட்டுக்காரர்கள் கூடும் காப்பிக்கடை. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தோழியிடம், "இந்த மலை என்னைக் கூப்பிட்டது, அதனால்தான் வந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை மலை கூப்பிடவில்லை, அந்தோணி அண்ணன்தான் பிடித்துத் தள்ளினார். அந்தக் கடையில் விதையாக ஒட்டிய ரொட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். பல்லுக்கு மரியாதை கொடுத்து வைத்துவிட்டு எழுந்தேன்.

கோச் குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி, கஸ்தூரி என்பவரின் டிபன் கடைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில். வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் அவர் இருந்தார். வெள்ளைத் தொப்பி, காவி இல்லை, சாதாரண அரைக்கைச் சட்டை. இளைத்திருந்தார். ஆனால் உட்கார்ந்த விதம் மாறவில்லை. பெஞ்சின் இடது ஓரத்தில், முழங்காலில் கை ஊன்றி, வலது பக்கம் ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டு, அதன்மேல் துண்டை விரித்து.

எங்கள் திடலிலும் அப்படித்தான். ஒன்பது வருடம் அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. குழுவின் நிர்வாகத் தலைவர் ஒருமுறை உட்காரப் போனார். "உக்காருங்க தலைவரே. ஆனா இங்க உக்காந்தா, தோத்தா பழியில பாதி உங்களுது. சம்மதமா?" என்று கேட்டார் கோச். தலைவர் நகர்ந்துபோய் நிழலில் உட்கார்ந்தார்.

இங்கே அந்தத் துண்டின்மேல் நாலு செவ்வரளிப்பூ கிடந்தது. கேட்டதற்குக் கஸ்தூரி குரலைத் தாழ்த்தினார். "மலப்பக்கமா எடம் உட்டு ஒக்கார்றாரு பாத்தீங்களா? கிரிவலம் போறப்ப நாம இந்தாண்டப் பக்கமா நடப்போம், மலயோரம் சித்தருங்களுக்கு உட்ருவோம். அந்த மாரி இதுவும் சித்தருங்களுக்கு உட்ட எடம். நாந்தான் தெனமும் பூ வெக்கிறேன்."

குழுத் தலைவர் பயந்து ஓடிய இடத்துக்குச் சித்தர்கள் வருகிறார்களென்றால் வரட்டுமே.

அவர் முன்னால் போய் நின்று, "கோச், நான் லெட்சுமி. ஆஸ்பத்திரியில பேர் கூப்பிடுற லெட்சுமி" என்றேன். அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் நோயாளிகளின் பெயரை உரக்கக் கூப்பிட்டதுதான் என் உத்தியோகம். காலை உடைத்துக்கொண்டு வந்த ஆட்டக்காரர்களுக்காக அவர் என் கவுண்டரில் நின்று சண்டை போட்டவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல்.

கைப்பேசியில் நண்பர்களின் படங்களைக் காட்டினேன். ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டு கையால் நடித்துக் காட்டினார். அந்தோணி அண்ணன் வந்ததும் தொந்தியைத் தட்டினார். குழுவின் இப்போதைய தலைவர் படம் வந்தபோது இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றி உருட்டினார். பக்கத்தில் நின்ற கஸ்தூரி கும்பிட்டார். "கிரிவலம் போகச் சொல்றாருங்க. கஷ்டம்னு யாரு வந்தாலும் இதத்தான் சொல்வாரு. போன மாசம் டெல்லிக்காரரு ஒருத்தரு வந்து கேள்விமேல கேள்வி கேட்டாரு. இப்டி காட்னாரு. அவரு பதினோரு நாளு மலய சுத்திட்டுதான் ஊருக்குப் போனாரு."

ஆட்டக்காரரை மாற்றும்போது கோச் காட்டும் சைகை அது. நீ ஆடியது போதும், இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கக் கஸ்தூரி கடையில் ஒரு தோசை சொன்னேன்.

தோசை பிரமாதம். தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னி. தோசை வார்த்துக்கொண்டே கஸ்தூரி சொன்னார். "மொத வருசம் இன்னா பேச்சுன்றீங்க! தண்ணி வரலன்னா ஆபீசுல போயி நின்னு கத்துவாரு. கியூவுல எவனாவது குறுக்க பூந்தா அங்கயே பஞ்சாயத்து. என் கட தோசய ரப்பர்னாரு. ரப்பர் தோட்டத்துல பொறந்தவரு, அவருக்குத் தெரியாதான்னு நானும் மாவ மாத்திட்டேன். அப்பறம் ஒரு நாளு காலீல டீக்கு வந்தாரு. ஒண்ணுன்னு வெரல மட்டும் காட்னாரு. அன்னியிலருந்து பேச்சு இல்ல."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டா மட்டும் சொல்லிருவாரா? வருத்தம் ஜாஸ்தி ஆயி உட்டாரோ, கம்மி ஆயி உட்டாரோ, யாருக்குத் தெரியும்."

வருத்தம் ஜாஸ்தியாகி என்ற வார்த்தை மட்டும் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை முழுவதும் தைரியம் வரவில்லை. பெரிய கோயிலுக்குப் போனேன். கோபுரத்துக்கு வெளியே, நான் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது, கோச்சுக்கென்று கொண்டுவந்திருந்த பிஸ்கட் பொட்டலத்தை ஒரு குரங்கு என் பையிலிருந்து உருவிக்கொண்டு மதிலேறியது. உட்கார்ந்து நிதானமாகப் பிரித்துத் தின்றது. எங்கள் ஊர்க் குரங்குகள் பறித்தவுடன் ஓடிவிடும். இது அவசரமே படவில்லை. எடுத்துக்கொண்டது அதன் பாத்தியதைதான் என்பது போல என்னையே பார்த்துக்கொண்டு மென்றது.

கைப்பேசியில் அந்தோணி அண்ணன்: "குரல் கிடைச்சுதா?" இல்லை என்று போடவும் கை வரவில்லை, மௌனம் என்று போடவும் கை வரவில்லை. அவர் தூங்குகிறார் என்று ஒரு பொய்யை அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை அறையிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பெஞ்சுக்கு எதிரே கஸ்தூரியின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். "கோச், வேலியில தொங்குன அந்தத் துணி என் சேலை. எழுதுனது நான். வாய மூடுன்னு எழுதுனேன். நீங்க போனதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைதோறும் உங்களப் பத்தி எல்லாரோடயும் சேந்து சிரிச்சிக்கிட்டு இருக்கேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. இங்க வந்து பாத்தா நீங்க பேசறதே இல்லங்கிறாங்க. என்னாலதான்னா சொல்லிடுங்க. தலைய ஆட்டுனாக்கூடப் போதும்."

அவர் தலையை ஆட்டவில்லை. என்னைப் பார்த்தார். கோபமா, வேறெதாவதா, எனக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்து, பூவை உதறாமல் அப்படியே மடித்து, உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

கஸ்தூரி எட்டிப் பார்த்தார். "பதினோரு மணி ஆச்சும்மா, அவரு படுக்குற நேரம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படியா என்று கேட்கத் தோன்றவில்லை. அறைக்குப் போய் அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பந்து ஆட்டத்துக்காக அழுகிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு காலை ஏழுமலை ஆட்டோவோடு வந்து நின்றார். "இன்னிக்கி மேட்ச்சும்மா. சாமிய ஏத்திக்கினு வந்துட்டேன், நீங்களும் ஏறுங்க." பின்னிருக்கையில் கோச். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், ஏழுமலையின் முகத்தைப் பார்த்து ஏறிவிட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பந்துப் பை. அவர் தன் பக்கத்து ரோட்டைப் பார்த்தார். நான் என் பக்கத்து ரோட்டைப் பார்த்தேன்.

பாதி வழியில் பின்சக்கரம் காற்றிறங்கியது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. ஏழுமலை அதை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனார். கோச்சும் நானும் ஒரு புளியமரத்தடியில், பேசாதவரும் பேச முடியாதவளுமாக, முக்கால் மணி நேரம் நின்றோம். எதிரே நிலக்கடலைக் காடு. வரப்போரம் ஒரு பெண் அண்டாவில் வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார். இங்கே அதற்கு மல்லாட்டை என்று பேர். எங்கள் ஊரில் கச்சான். வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் ஒரு பெரிய பொட்டலம் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் யார் பக்கத்தில் நின்று எதை வாங்கியிருக்கிறேன் என்று உறைத்தது. பையின் அடியில் ஒளித்து வைத்தேன்.

நாங்கள் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஏழுமலையின் குழு ஒரு கோல் பின்தங்கியிருந்தது. ஏழுமலை இல்லாமல் யார் எங்கே நிற்பது என்றே தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் ஒரு மரப்பெஞ்சைக் கொண்டுவந்து கோட்டோரம் போட்டார். மாணிக்கம் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். வலது பக்கம் துண்டை விரித்தார். நான் தள்ளிப் போய்க் கூட்டத்தோடு நின்றேன்.

திடல் என்று சொல்லக் கூடாது. ஒரு கோலுக்குப் பின்னால் நெல் உலர்த்தியிருந்தார்கள். பந்து அங்கே போனால் ஒரு அம்மாள் கம்போடு எழுந்து வந்தார். ஆனால் எங்கள் ஊரில் நாற்காலி போட்ட புதுத் திடலில் இப்போது வரும் கூட்டத்தைவிட இங்கே அதிகம், சத்தமும் அதிகம். இரண்டாவது கோல் விழுந்தது. இடைவேளை முடிந்து மூன்றாவதும் விழுந்ததும் சத்தத்தின் திசை மாறியது.

"யோவ் ஏழுமல! லேட்டா வந்துட்டு இன்னாய்யா கோச்சிங்கு?"

"ஆட்டோ ஓட்டப் போய்யா நீ!"

ஏழுமலை திரும்பிப் பார்க்காமல் நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது. எனக்கு முன்னால் நின்றிருந்த ஓர் ஆள், டீக்கடைப் பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து மடியில் வைத்து, கருப்பு மையால் கொட்டை எழுத்தில் எழுதினார். "கோச்ச மாத்து." நல்ல கையெழுத்து. எழுதி முடித்து, எட்டப் பிடித்துச் சரிபார்த்தார். நானும் அன்றைக்கு அப்படித்தான் எட்டப் பிடித்துப் பார்த்தேன்.

அவர் அதைத் தலைக்குமேல் தூக்குவதற்குள் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோட்டுக்கு ஓடி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றேன். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிட்ட தொண்டை.

"என்னா கத்துறீங்க? சக்கரத்துல காத்து போனா அவரு என்னா செய்வாரு? பதினோரு பேரு ஆடுறாங்க, நீங்க எரநூறு பேரு நிக்கிறீங்க. மூணு கோல் போச்சே, உங்கள்ல ஒருத்தராச்சும் கால நீட்டுனீங்களா? அவரப் பாத்துக் கத்தாதீங்க. கத்தணும்னா என்னைப் பாத்துக் கத்துங்க!"

நெல்லுக்குக் காவலிருந்த அம்மாள்கூட எழுந்து நின்றுவிட்டார்.

"யாருய்யா இந்தம்மா?"

"மலேசியாவாம்."

"அதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அட்டைக்காரர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். "அட, நாங்க சும்மா சொன்னம்மா. நீங்க ஏன் டென்சன் ஆவுறீங்க" என்று அதைக் கீழே போட்டு, எழுத்தின்மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

திரும்பினேன். மாணிக்கம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. குறும்பாகத்தான் இருந்தது, பழைய பேட்டிகளில் இருக்குமே அப்படி. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். காலியாக இருந்த இடத்தைக் கையால் இரண்டு முறை தட்டினார்.

அந்த இடத்தின் நிபந்தனை எனக்குத் தெரியும். போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆட்டத்தையே பார்த்தோம். பிறகு, பையின் அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து நடுவில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தத் தோள் குலுங்கியது, சத்தமில்லாமல். ஒரு கை நிறைய அள்ளி, பந்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே உரித்துத் தின்ன ஆரம்பித்தார்.

கடைசி நிமிடங்களில் ஏழுமலையின் குழு ஒரு கோல் போட்டது. தோல்விதான், ஆனால் அவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒண்ணு போட்டம்மா!" என்றார். மூன்று வாங்கியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை சென்னைப் பேருந்து. கஸ்தூரி இட்லி கட்டிக் கொடுத்தார். பெஞ்சில் புதுப் பூ இருந்தது. சித்தர்களைப் பற்றி நான் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. கோச் கையைத் தூக்கினார், உருட்டவில்லை. மௌனம் ஏன் என்று அவரிடம் திரும்பக் கேட்கவும் இல்லை. அது என் கணக்கில்தான் சேருமென்றால், பாதிப் பழி சுமக்க நேற்றே உட்கார்ந்தாயிற்று.

பேருந்து கீழ்பென்னாத்தூரைத் தாண்டும்போது திடல் தெரிந்தது. முழுக்க நெல் பரப்பியிருந்தார்கள். கைப்பேசியை எடுத்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் குரல்பதிவு செய்தேன். பக்கத்தில் இருந்தவர் கேட்கிறாரே என்றும் பார்க்கவில்லை. "நீங்க கேட்ட குரல் கிடைக்கல. அவரு பேசறத விட்டு ஒம்போது வருசம் ஆச்சாம். அதனால என் குரலைக் கேளுங்க. அன்னிக்கு வேலியில கட்டுன துணி, எழுதுன கை, ரெண்டும் என்னோடது." அனுப்பிவிட்டுக் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

செஞ்சி வந்தது. கோட்டை மலை போனது. கைப்பேசி சத்தமில்லாமல் கிடந்தது. திண்டிவனம் நெருங்கும்போது மடியில் அதிர்ந்தது. அந்தோணி அண்ணனின் குரல், பின்னால் கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம்.

"தெரியும் லெட்சுமி. அந்த நீலச் சேலைய மடிச்சுப் பையில போட்டுக் குடுத்ததே நாந்தானே. வேலியில பாத்த உடனே தெரிஞ்சிருச்சு. அன்னிக்கு என் மனசுலயும் அதேதான் இருந்திச்சு, அதான் கழட்டாம அப்படியே போயிட்டேன். மத்தவங்களும் பாத்துட்டுத்தான் போனாங்க, ஒருத்தரும் கழட்டல. நீ போனா எங்க எல்லாருக்கும் சேத்து மன்னிப்பு கேட்டுட்டு வருவேன்னுதான் உன்னை அனுப்புனோம். சரி, அதுக்கு அவரு என்னா செஞ்சாரு?"

ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் பதில் எழுதினேன்.

"கச்சான் தின்னாரு."